கூட்ரோட்டுச் சுவர்

வேனிலிருந்து இறங்கியதும் பிரபாவதி கம்பங்களைத்தான் முதலில் பார்த்தாள். பட்டறையில் அவள் பற்றவைத்த இரும்புக் கம்பங்கள் நான்கும் பிசகாமல் நின்றன. மேலே தகரக் கூரை ஏறியிருந்தது. கூரைக்குக் கீழே, சரியாக நடுவில், இடத்தை இரண்டாகப் பிரித்து ஒரு சுவர் இடுப்பு உயரத்துக்கு வந்திருந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு பெஞ்சு, அந்தப் பக்கம் ஒரு பெஞ்சு.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டி, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே பிரிகிற சாலையில் இருந்தது அந்த நிறுத்தம். பெயர்ப்பலகை கிடையாது. கூட்ரோடு என்றால் டவுன் பஸ் கண்டக்டருக்குத் தெரியும். திண்டிவனத்துக்கு வெளியே இருந்த ஒரு தனியார் கட்டடக்கலைக் கல்லூரியின் நான்காம் ஆண்டு மாணவர்கள் அங்கே நிழற்குடை கட்டிக்கொண்டிருந்தார்கள். வரைந்து காட்டினால் மட்டும் போதாது, கட்டிக் காட்டித்தான் தேற வேண்டும் என்பது அந்தக் கல்லூரியின் ஏற்பாடு. ஒவ்வோர் ஆண்டும் ஏதாவது ஓர் ஊரில் மாணவர்களே திட்டமிட்டு, மண் பிசைந்து, கம்பி வளைத்து, ஒன்றைக் கட்டிக் கொடுத்துவிட்டு வருவார்கள். கடைசி நாளில் வெளியிலிருந்து ஒரு கட்டடக் கலைஞர் வந்து, அங்கேயே நின்று கேள்வி கேட்டு மதிப்பெண் போடுவார். அதற்குப் பெயர் ஜூரி. அந்த மதிப்பெண்ணோடு பாடம் நடத்தும் ஆசிரியரின் கையெழுத்தும் வேண்டும். தேறாதவர்கள் மறு ஆண்டு இன்னோர் ஊரில் மறுபடி கட்ட வேண்டும்.

வேலையைப் பிரித்துக்கொண்டபோது பிரபாவதி இரும்பு வேலையை எடுத்துக்கொண்டாள். அதனால் கல்லூரிப் பட்டறையை விட்டு அவள் நகரவில்லை. ஒரு குழு மண்ணில் கொஞ்சம் சிமெண்ட் கலந்து, இயந்திரத்தில் அழுத்திக் கல் செய்தது. ரஞ்சித்தின் குழுவுக்குப் பார்க்கும் வேலை. நிறுத்தத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்து, யார் எங்கே நிற்கிறார்கள் என்று ஒரு பெரிய தாளில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார்கள். புள்ளிகள் இரண்டு கும்பலாகச் சேர்ந்தன. ஒன்று புளியமரத்தடியில், மற்றொன்று மதகுக் கட்டை ஓரமாக. நடுவில் ஒரு புள்ளிகூட இல்லை.

வகுப்பில் அந்தத் தாளை மாட்டியபோது, பாடம் நடத்திய திருமுருகன் சார் எழுந்து நின்று கைதட்டினார். வகுப்பு முழுவதும் சேர்ந்து தட்டியது. "பாத்தீங்களா? நாம பிளான் போடத் தேவையில்லை. மக்கள் தங்களோட உடம்பாலேயே பிளான் போட்டுட்டாங்க." அந்தப் பிளான்தான் நிழற்குடை ஆனது. இரண்டு கும்பலுக்கு இரண்டு பெஞ்சு, புள்ளி விழாத இடத்தில், கல்லுக்குக் கல் இடைவெளி விட்டு அடுக்கிய அழகான சுவர். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பிரபாவதி, ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும் நிற்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். கம்பத்தின் கனத்தைக் கணக்குப் போட வேண்டியிருந்தது. அவளும் யாரையும் கேட்கவில்லை.

இப்போது காலை பஸ்ஸுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். புளியமரத்தடிக்கு வந்தவர்களைப் பெரும்பாலும் பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். கல்லூரி போகிற பையன்கள், விழுப்புரம் கோர்ட்டுக்குக் காகிதக் கட்டோடு போகிற ஒருவர், பட்டுப்புடவையில் இரண்டு பெண்கள். மதகுப் பக்கம் வந்தவர்கள் நடந்து வந்தார்கள். களையெடுக்கப் போகிற பெண்கள், டோல்கேட் ஓட்டல்களில் பாத்திரம் கழுவுகிறவர்கள், சிமெண்ட் கறை படிந்த சட்டையோடு இரண்டு ஆண்கள், நர்சிங் படிக்கிற ஒரு பெண். அவள் வெள்ளைக் கோட்டை மடித்துக் கையில் வைத்திருந்தாள். இரண்டு பக்கத்திலும் ஆண்கள் இருந்தார்கள், பெண்கள் இருந்தார்கள். பஸ் வந்து நின்றதும் மரத்தடிக்காரர்கள் ஏறினார்கள். அவர்கள் ஏறி முடிக்கும்வரை மதகுப் பக்கம் ஒரு கால்கூட நகரவில்லை. யாரும் யாரையும் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

பிரபாவதிக்குக் காதோரம் சூடேறியது. அவளுடைய ஊர் திருவாமாத்தூருக்குப் பக்கத்தில். அந்த ஊர் நிறுத்தத்தில் மதகு கிடையாது, மின்கம்பம்தான். பள்ளிக்கூடம் போன காலமெல்லாம் அதில் சாய்ந்துதான் நின்றிருக்கிறாள்.

ரஞ்சித் குனிந்து கலவை வாரிக்கொண்டிருந்தான். சென்னைப் பையன். விரல் நுனிகள் சிமெண்டில் வெந்ததால் பிளாஸ்டர் ஒட்டியிருந்தான்.

"ரஞ்சித், இங்க வா. உன் புள்ளியில மரத்தடி யாரு, மதகுப் பக்கம் யாரு?"

"ரெண்டு க்ரூப்பு."

"க்ரூப்புன்னா?"

"தெரியாது. அதெல்லாம் கேக்கக் கூடாதுடி. அதான் மெத்தடு. கேட்டா நமக்குப் புடிச்ச மாதிரி பதில் சொல்லுவாங்க. உடம்பு எங்க நிக்குதுன்னு மட்டும்தான் பாக்கணும்."

"அது ஊரு. இது காலனி."

கரண்டி அவன் கையில் அப்படியே நின்றது. மரத்தடியைப் பார்த்தான், மதகைப் பார்த்தான்.

"சீ. இந்தக் காலத்துலயா?"

"வரைஞ்சது நீ. எங்கிட்ட கேக்குற?"

அவன் சுவரைத் திரும்பிப் பார்த்தான். பிறகு கலவை இறுகிவிடும் என்று சொல்லிவிட்டு அடுத்த கல்லை எடுத்து வைத்தான். அந்தக் கல்லை அவன் மட்டம் பார்த்து, தட்டி, மறுபடி மட்டம் பார்த்து வைத்த பொறுமையைக் கண்டபோது பிரபாவதிக்கு அவனை அறைய வேண்டும்போல் இருந்தது.

திருமுருகன் சார் மோட்டார் கொட்டகை நிழலில் கோதண்டபாணியோடு பேசிக்கொண்டிருந்தார். கோதண்டபாணி முன்பு ஊராட்சி வார்டு உறுப்பினராக இருந்தவர். கலவைக்குத் தண்ணீர் அவருடைய மோட்டாரிலிருந்துதான் வந்தது. கல் இறக்க டிராக்டரும் அவர் கொடுத்ததுதான். மாணவர்கள் எல்லோரையும் பாப்பா, தம்பி என்று வாய் நிறையக் கூப்பிடுவார். மல்லாட்டை என்று அங்கே சொல்கிற வேர்க்கடலையை அவித்துக் கூடையில் கொண்டுவந்து கொடுப்பார்.

"சார், செவுத்த மட்டும் இன்னும் கொஞ்சம் ஏத்திக்கினா தேவலாம். இங்க காத்து ஜாஸ்தி" என்றார் அவர்.

"தலை உயரத்துக்கு ஏத்திடலாங்க" என்றார் சார்.

கோதண்டபாணி போன பிறகு பிரபாவதி பேசினாள். சார் முழுவதும் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"நீ சொல்றது புரியுதும்மா. ஆனா நாம ஊரைத் திருத்த வரல. நிழல் குடுக்க வந்தோம். ரெண்டு பேருக்கும் ஒரே கூரை, ஒரே மாதிரி பெஞ்சு, ஒரே அளவு. யாருக்கும் குறை வைக்கல."

"அப்புறம் எதுக்கு சார் செவுரு?"

"அது முழுச் சுவர் இல்லையே. இடைவெளி விட்டிருக்கோம். ரெண்டு பக்கமும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கலாம்."

"பாத்துக்கறதுக்கு எதுக்கு சார் ஓட்டை? செவுரே இல்லன்னா பாத்துக்க மாட்டாங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்ப இதைக் கிளறினா தண்ணி நின்னுடும். வேலை நின்னுடும். உன் கூடப் படிக்கிற எல்லாரும் ரிப்பீட்டு. யோசி. ஜூரியில நீ கம்பத்தைப் பத்திப் பேசு. இத்தனை வருஷத்துல இவ்ளோ சுத்தமா யாரும் வெல்டிங் பண்ணினதில்ல. அதுக்கு மேல பேசினா, உனக்கு மட்டும் ரிப்பீட்டு. மன்னிச்சுக்க, நான் வேற வழி இல்லாமதான் சொல்றேன்."

இந்த ஆண்டு தேறினால் புதுச்சேரியில் ஓர் அலுவலகத்தில் பயிற்சிக்கு அவளுக்கு இடம் உறுதியாகியிருந்தது. அது அவருக்கும் தெரியும்.

அன்று பகல் முழுக்க அவள் பெஞ்சுச் சட்டங்களை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்கத் தேவையில்லாத இடங்களையும் தேய்த்தாள். மதியம் களைவெட்டு முடிந்து திரும்பிய பெண்கள் மதகுக் கட்டையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள். அவர்களில் வயதானவள் பூமாலை. வாய் ஓயாதவள். மாணவர்களை ஓட்டிக்கொண்டே இருப்பாள்.

"இன்னாமா, அந்த இரும்பு ஒன் மாமியாரா? போட்டு இந்தத் தேய் தேய்க்கிற?"

மற்றவர்கள் சிரித்தார்கள். பிரபாவதி சிரிக்கவில்லை. பூமாலை அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"எந்தூரு நீ?"

"திருவாமாத்தூர் பக்கம்."

"பக்கம்னா எந்தப் பக்கம்?"

"நம்ம பக்கம்தான்கா."

பூமாலை அவளைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அப்ப சொல்லு. இந்தச் செவுரு இன்னா செவுரு?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாம இன்னா? கோதண்டபாணி வந்து வந்து பாத்துகினு போறப்பவே தெரிஞ்சிபோச்சி."

"நான் அதை எடுக்கச் சொல்லிச் சண்டை போட்டுக்கினு இருக்கேன்."

பாராட்டுவாள் என்று பிரபாவதி எதிர்பார்த்தாள். பூமாலையின் முகம் கடுத்தது.

"எதுக்கு எடுக்கணும்? எங்க பக்கம் ஒரு பெஞ்சு வந்துக்கீது. என் வயசுக்கு இந்தக் கூட்ரோட்டுல நான் நெழல்ல உக்காந்ததில்ல. செவுத்த எடுத்தா அந்தப் பெஞ்சும் அவுங்களுதுதான். காலை நீட்டிக்கினு உக்காந்துக்குவானுங்க. நாங்க திரும்பியும் மதகுல நிக்கணும். நீ படிச்சிட்டுப் போய்டுவ. சண்டை போட்டா உக்காரச் சண்டை போடு. எடுக்கறதுக்குப் போடாத."

பூமாலை சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. மக்களுடைய அச்சத்தையே எண்ணி எடுத்து, அதையே அழகாகக் கட்டிக் கொடுத்துவிட்டு, அதற்குக் கைதட்டியிருக்கிறோம் என்று பிரபாவதிக்குத் தோன்றியது. அந்தக் கைதட்டலில் தன் கையும் இருந்தது என்பது நினைவுக்கு வந்தபோது அரத்தைத் தூக்கிச் சாலையில் எறிந்தாள். பூமாலை எழுந்துபோய் அதை எடுத்துவந்து அவள் மடியில் வைத்தாள்.

ஜூரி நாளன்று சுவர் தலை உயரத்துக்கு வந்துவிட்டது. மேல் வரிசைகளை முந்தின மாலைதான் அடுக்கியிருந்தார்கள். புதுச்சேரியிலிருந்து வந்த கட்டடக் கலைஞர் நடுவயதுப் பெண்மணி. பருத்திப் புடவை, ரப்பர் செருப்பு. பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார், கம்பத்தைத் தட்டிப் பார்த்தார், சுவரின் இடைவெளியில் கையை விட்டுப் பார்த்தார். மாணவர்கள் வரிசையாக நின்றார்கள். மரத்தடியில் ஊர்க்காரர்கள் கூடியிருந்தார்கள். கோதண்டபாணி வெள்ளைச் சட்டையில் முன்னால் நின்றார். மதகுப் பக்கம் பூமாலையும் மற்றப் பெண்களும் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். அவர்கள் பக்கத்துப் பெஞ்சு காலியாகத்தான் இருந்தது. திறப்பு விழா முடியட்டும் என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

ரஞ்சித் புள்ளித் தாளை விரித்துப் பேசினான். குரல் எழும்பவில்லை. யார் அந்த இரண்டு கும்பல் என்பதை அவன் சொல்லவில்லை. அடுத்து பிரபாவதியின் முறை. மற்றவர்கள் ஆங்கிலத்தில் பேசியிருந்தார்கள். அவள் தமிழில், எல்லோருக்கும் கேட்கும்படி பேசினாள்.

"மேடம், கூரையோட பாரம் முழுக்க இந்த நாலு கம்பத்துலதான் இறங்குது. நடுவுல இருக்கற செவுரு எதையும் தாங்கல. அதை எடுத்தாலும் கூரைக்கு ஒண்ணும் ஆகாது."

"அப்ப சுவர் எதுக்கு?" என்றார் அந்தப் பெண்மணி.

"மரத்தடியில நிக்கறவங்க ஊரு. மதகுப் பக்கம் நிக்கறவங்க காலனி. அவங்க எங்க நிக்கறாங்கன்னு எண்ணினோம். ஏன் அங்க நிக்கறாங்கன்னு கேக்கல. எண்ணினதைக் கல்லுல கட்டிட்டோம். அதான் மேடம் இந்தச் செவுரு."

யாரோ இருமினார்கள். திருமுருகன் சார் தரையைப் பார்த்தார். பெண்மணி மெதுவாகத் திரும்பி கோதண்டபாணியைப் பார்த்தார். "அப்படியாங்க?"

கோதண்டபாணி பெரிதாகச் சிரித்தார். "ஐயோ மேடம், அதெல்லாம் எங்கப்பா காலத்தோட போச்சுங்க. இப்ப யாரு அதெல்லாம் பாக்கறா? எல்லாம் ஒண்ணா மண்ணாத்தான் இருக்கறோம். பாப்பா ஏதோ தப்பா நெனச்சிக்கினு பேசுது. செவுரு காத்துக்குங்க. இங்க காத்து பெரிய பேஜாரு."

"காத்துக்குன்னா ஓரத்துல கட்டணும்" என்றாள் பிரபாவதி. "நடுவுல கட்டினா ரெண்டு பக்கமும் அடிக்கும். அதுலயும் ஓட்டை விட்டுக் கட்டியிருக்கோம்."

மதகுப் பக்கமிருந்து ஒரு சிரிப்பு வந்தது. "ஓட்டை வழியா காத்து குனிஞ்சிகினு போவும்" என்றது ஒரு குரல். இப்போது எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். கோதண்டபாணியின் கழுத்து சிவந்தது.

"புடிக்கலன்னா எடுத்துக்கினு போங்க. எனக்கின்னா? எனக்காகவா கட்டினீங்க?"

எடுக்கமாட்டார்கள் என்று நினைத்துத்தான் சொன்னார். பிரபாவதி கருவிப் பெட்டியிலிருந்து உளியும் சுத்தியலும் எடுத்தாள்.

"பிரபாவதி" என்றார் சார், உதடு அசையாமல். "இதோட உனக்கு இந்த வருஷம் முடிஞ்சுது."

"தெரியும் சார்."

முதல் அடியில் மேல் கல் மூலை சிதறிக் கீழே விழுந்தது. "ஏய், உடைக்காதடி!" என்று கத்திக்கொண்டு ரஞ்சித் ஓடிவந்தான். தடுக்க வருகிறான் என்று நினைத்து அவள் சுத்தியலை இறுக்கிப் பிடித்தாள். அவன் அதைப் பிடுங்கிக்கொண்டான். முகம் அழுகையில் கோணியிருந்தது. "நான் வச்ச கல்லு இது. எப்படி வரும்னு எனக்குத் தெரியும்." உளியைக் கலவைக்குள் சாய்த்து நெம்பினான். நேற்றுப் பூசிய கலவை. கல் முழுசாகக் கழன்று வந்தது. அவளிடம் கொடுத்தான். அவள் அதைச் சாலையோரம் வைத்தாள். அடுத்ததையும் கொடுத்தான். கொஞ்ச நேரத்தில் கல் செய்த குழுவிலிருந்து இன்னும் சிலர் வந்தார்கள். வராதவர்கள் அலைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கோதண்டபாணி அவள் அருகே வந்தார். குரல் இப்போது தேன் மாதிரி இல்லை.

"பாப்பா, நீ எந்த ஊரு?"

"நீங்க கேக்கறது ஊரு இல்லீங்க. கேக்கறத நேரா கேளுங்க. இவங்க எல்லாரும் கேக்கட்டும்."

அவர் அந்தப் பெண்மணியைத் திரும்பிப் பார்த்தார். கேட்கவில்லை.

அதற்குப் பதில் வேறொன்று செய்தார். சுவர் முழங்கால் உயரத்துக்கு இறங்கியதும், வேட்டியைத் தூக்கிக்கொண்டு அதைத் தாண்டினார். மதகுப் பக்கத்துப் பெஞ்சில் போய் நடுவில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் விரித்துப் பெஞ்சின் முதுகில் போட்டுக்கொண்டார். "பாத்தீங்களா மேடம்? எனக்கு எல்லாப் பக்கமும் ஒண்ணுதான்" என்றார். மரத்தடியிலிருந்து இரண்டு பையன்கள் சிரித்துக்கொண்டே வந்து அவருக்கு இரு பக்கமும் உட்கார்ந்தார்கள். பெஞ்சு நிறைந்துவிட்டது. அதற்கு முன்னால், வெயிலில், காலனிப் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

பெண்மணிக்கு என்ன நடந்தது என்பது புரியச் சற்று நேரம் பிடித்தது. பிரபாவதிக்கு உடனே புரிந்தது. இதைத்தான் பூமாலை சொன்னாள். சொன்னபடியே நடந்தது. கையிலிருந்த கல்லைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள். அதை அந்த வெள்ளைச் சட்டையின் மேல் போட்டுவிடுவோமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது.

பூமாலை அவளை நோக்கி வந்தாள். கண்ணில் தீ.

"சொன்னேன் இல்ல? ஆத்திரத்துல ஆடிட்ட. ஒரு பெஞ்சு இருந்துச்சி, அதுவும் போச்சி. நீங்கல்லாம் வேன் ஏறிப் போய்டுவீங்க. நாங்க?"

"அக்கா..."

"அக்கான்னாத, பேசாத."

பூமாலை களைக்கொத்தை இடுப்பில் செருகினாள். மிச்சமிருந்த கல் வரிசையைத் தாண்டினாள். மரத்தடிப் பக்கத்துப் பெஞ்சு காலியாக இருந்தது. அதன் நடுவில் போய் உட்கார்ந்தாள். மரத்தடியில் பேச்சு நின்றது. பட்டுப்புடவைப் பெண் ஒருத்தி தன் பையை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"இன்னா பூமாலை இது?" என்றார் கோதண்டபாணி, எழுந்திருக்காமல்.

"எல்லாப் பக்கமும் ஒண்ணுதானுங்களே. நீங்கதான சொன்னீங்க?"

அவர் வாயைத் திறந்தார். ரப்பர் செருப்புப் பெண்மணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் மூடிக்கொண்டது.

அப்போது பஸ் வந்து நின்றது. இந்த ஒருமுறை மரத்தடிக்காரர்கள் முட்டி மோதிக்கொண்டு ஏறினார்கள், அங்கிருந்து விலகிப் போனால் போதும் என்பதுபோல. பையன்கள் இருவரும் எழுந்து ஓடினார்கள். கோதண்டபாணி மட்டும் தனியாகப் பெஞ்சில் இருந்தார். மதகுப் பக்கத்துப் பெண்கள் வழக்கம்போலக் கடைசியில் ஏறுவதற்காகப் படியை நோக்கி நடந்தார்கள்.

"எங்கடி போறீங்க?" என்று கத்தினாள் பூமாலை. "வாங்கடி, வந்து உக்காருங்க!"

அவர்கள் நின்றார்கள். பஸ்ஸைப் பார்த்தார்கள், பெஞ்சைப் பார்த்தார்கள். முதலில் நர்சிங் பெண் திரும்பினாள். வெள்ளைக் கோட்டை உதறிப் போட்டுக்கொண்டு, வந்து பூமாலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக மற்றவர்களும். பெஞ்சில் இடம் போதாமல் நெருக்கிக்கொண்டார்கள். இடம் கிடைக்காத ஒருத்தி கோதண்டபாணியின் பெஞ்சுக்கே போய், அதன் ஓரத்தில், அவரைப் பார்க்காமல் உட்கார்ந்தாள். அவர் எழுந்தார். வேட்டியைத் தட்டிக்கொண்டார், அதில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு விசிலை வாயிலிருந்து எடுத்தான். "ஏம்மா, ஜல்தி ஏறுங்க. அடுத்த வண்டி மதியம்தான். வர்றீங்களா இல்லையா?"

பிரபாவதி கல்லைக் கீழே வைத்தாள். பூமாலை அவளைப் பார்க்கவில்லை. காலை நீட்டிக்கொண்டாள்.

"நீ போய்யா. நாங்க உக்காந்துகினு இருக்கோம்."